முதலில் வீடு, அப்புறம் கார்

வாசகி கேள்வி:

நாங்கள் கோவையைச் சேர்ந்தவர்கள். என் கணவர் போன மாதம்தான் மியூனிக் போய், கார்ஹிங் ஆராய்ச்சி வளாகத்தில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறார். பள்ளி முடிந்ததும் நானும் பிள்ளைகளும் (8 வயது, 3 வயது) போகிறோம். மாமியாரும் மூன்று மாதம் வந்து இருப்பார், அவருக்கு மூட்டு வலி உண்டு. கணவர் இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று ஃப்ரைமானில், சின்ன வீடு, மாதம் 1,800 யூரோ. மற்றது எர்டிங் தாண்டி ஒரு கிராமத்தில், பெரிய வீடு, தோட்டம், கராஜ் எல்லாம் சேர்த்து 1,450 யூரோ. இந்தியா திரும்பும் சக ஊழியர் ஒருவர் தன்னுடைய 2010 மாடல் டீசல் காரை 3,800 யூரோவுக்குத் தருவதாகச் சொல்கிறார், இந்த வாரத்துக்குள் பதில் வேண்டுமாம். "ரெண்டு புள்ளைகளை வெச்சுக்கிட்டு கார் இல்லாம எப்படி?" என்கிறார் அப்பா. "யூரோப்பில் யாருக்கும் கார் தேவையே இல்லை" என்கிறாள் ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் தோழி. யார் சொல்வது சரி? எனக்கு ஸ்கூட்டிதான் ஓட்டத் தெரியும்.

பதில்:

சகோதரி, உங்கள் அப்பா சொல்வதும் சரி, தோழி சொல்வதும் சரி. அப்பா எர்டிங் வீட்டை மனதில் வைத்துப் பேசுகிறார், தோழி ஃப்ரைமான் வீட்டை வைத்துப் பேசுகிறார். இரண்டு பேரும் அந்த இரண்டு இடங்களையும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நான் மியூனிக்கில் 14 ஆண்டுகளாகப் பேருந்துத் தடமும் கால அட்டவணையும் போடுகிற வேலையில் இருக்கிறேன். எனக்கு வரும் கடிதங்களில் பாதி "யூரோப்பில் கார் வேண்டுமா" என்றுதான் தொடங்குகின்றன. நீங்கள் இரண்டு வீடுகளின் இடத்தையும் வாடகையையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. கார் வேண்டுமா வேண்டாமா என்பதை ஊர் தீர்மானிப்பதில்லை, முகவரிதான் தீர்மானிக்கிறது. ஒரே மியூனிக்கில் கார் வைத்திருப்பது தொல்லையாகிற தெருவும் உண்டு, கார் இல்லாவிட்டால் பால் வாங்கக்கூட முடியாத தெருவும் உண்டு.

வியன்னாவில் பதிவான கார்களின் எண்ணிக்கையைவிட பொதுப் போக்குவரத்துக்கான ஆண்டுச் சீட்டு வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை அதிகம். லக்சம்பர்க்கில் 2020 முதல் பஸ், டிராம், ரயில் எல்லாமே நாடு முழுக்க இலவசம், ரயிலில் முதல் வகுப்பு மட்டும் விலக்கு. இருந்தும் ஆள் கணக்குக்கு ஐரோப்பாவிலேயே அதிகமாகக் கார் வைத்திருக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. சீட்டு இலவசமானாலும் வீடு வயல் நடுவில் இருந்தால் கார்தான். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் வௌபான் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது, பழைய பிரெஞ்சு ராணுவ முகாம் இருந்த இடத்தில் கட்டியது. அங்கே வீட்டு வாசலில் கார் நிறுத்த முடியாது. கார் வைத்திருப்பவர்கள் ஓரத்தில் உள்ள அடுக்குக் கராஜில் தனியாக விலை கொடுத்து இடம் வாங்க வேண்டும், டிராம் மட்டும் குடியிருப்பின் நடுவிலேயே ஓடுகிறது. அங்கே குடியிருப்பவர்களிடம் கார் வேண்டுமா என்று கேட்டால் சிரிப்பார்கள். எர்டிங் தாண்டிய உங்கள் கிராமத்தில் கேட்டாலும் சிரிப்பார்கள், வேறு காரணத்துக்காக.

சரி, உங்கள் இரண்டு வீடுகளுக்கு வருவோம்.

மியூனிக்கின் ரயில் வலையைச் சிலந்தி வலை என்று நினைத்துவிடாதீர்கள். சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி அது. எஸ்-பான் எனும் புறநகர் ரயில் தடங்களில் ஏறக்குறைய எல்லாமே ஊருக்கு நடுவே ஒரே சுரங்கத்தில் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். 1972 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டியது அது. இரண்டாவது சுரங்கம் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள், 2030களின் நடுவில்தான் முடியும் என்கிறார்கள். அதனால் வெளியூரிலிருந்து நடு ஊருக்கு வருவது சுலபம், ஒரு வெளியூரிலிருந்து பக்கத்து வெளியூருக்குப் போவதுதான் பாடு. எர்டிங்கும் கார்ஹிங்கும் வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும். காரில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரயிலில் என்றால், கிராமத்திலிருந்து எர்டிங் வரை பஸ், அங்கிருந்து எஸ்2 பிடித்து மரியென்பிளாட்ஸ் வரை நடு ஊருக்குள் வந்து, மாடி இறங்கி யூ-பான் எனும் சுரங்க ரயிலில் யூ6 தடத்தில் ஏறி, வந்த வழியிலேயே பாதி தூரம் வடக்கே திரும்பிப் போக வேண்டும். ஒன்றரை மணி நேரத்தை நெருங்கும். குறுக்கே ஓடும் எக்ஸ் எண் விரைவுப் பேருந்துகள் கடந்த சில ஆண்டுகளில் வந்திருக்கின்றன, நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் கிராமத்து வாசலில் ஒன்று நிற்கும் என்று நம்பி வீடு எடுக்காதீர்கள்.

ஃப்ரைமான் யூ6 தடத்திலேயே இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் ஏறினால் மாறாமல் கார்ஹிங் ஆராய்ச்சி வளாகம் வரை, வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரம் கால் மணி சொச்சம். அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தமே அவருடைய அலுவலக வாசல். இப்படி அமைவது அபூர்வம்.

வாடகையில் 350 யூரோ வித்தியாசம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தைக் கார் தின்றுவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 3,800 யூரோ நுழைவுக் கட்டணம் மட்டும்தான். ஜெர்மனியில் விபத்தில்லாமல் ஓட்டிய ஆண்டுகளைப் பொறுத்துக் காப்பீட்டுப் பிரீமியம் இறங்கும். புதிதாக வருகிறவருக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் பூஜ்யத்தில் தொடங்கும், பிரீமியம் உச்சியில் நிற்கும். ஆண்டு வரி தனி. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 'ட்யூஃப்' என்று எல்லாரும் சொல்லும் தகுதிச் சோதனை உண்டு, பழைய வண்டிகள் அங்கேதான் முழிக்கும். குளிர்கால டயர் ஒரு செட், கோடை டயர் ஒரு செட். அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை குளிர்கால டயர் என்பது இங்கே எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றுக் கூலி, மாற்றிய டயரை வைக்க இடம் இல்லையென்றால் அதற்கும் வாடகை. எரிபொருளை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அந்தக் குறிப்பிட்ட காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010 மாடல் டீசல் என்றால் புகை அளவு விதியில் யூரோ 4 எனும் பழைய வகையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 2023 பிப்ரவரி முதல் மியூனிக்கின் நடு வளையச் சாலையிலும் அதற்கு உள்ளேயும் யூரோ 4 டீசல் ஓட்டக் கூடாது, சில விலக்குகள் தவிர. பதிவுத் தாளில் அந்த வகை எழுதியிருக்கும், வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்கிறவர் கெட்ட எண்ணத்தில் மறைத்தார் என்று சொல்லவில்லை. அவரும் ஒருவேளை ஊருக்கு வெளியிலேயே ஓட்டியிருக்கலாம். ஆனால் 'இந்த வாரத்துக்குள்' என்ற அவசரம் உங்களுடையது அல்ல, அவருடையது.

இதைவிடப் பெரிய விஷயம் ஓட்டுநர் உரிமம். இந்திய உரிமத்தை வைத்து, இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் ஓட்டலாம். உடன் அதன் மொழிபெயர்ப்போ சர்வதேச அனுமதியோ இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஜெர்மன் உரிமம் எடுக்க வேண்டும், எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் உண்டு. சில நாட்டு உரிமங்களைத் தேர்வில்லாமல் மாற்றித் தருகிறார்கள், இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழிலோ இந்தியிலோ கிடையாது. உங்கள் கணவர் போன மாதமே குடியேறிவிட்டார் என்றால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. காரை இப்போது வாங்கி, ஆறு மாதம் ஓட்டி, தேர்வுத் தேதி கிடைக்காமல் கராஜில் துணி போர்த்தி வைத்திருக்கும் இரண்டு குடும்பங்களை எனக்கே தெரியும்.

என் அபிப்பிராயம் இங்கே கொஞ்சம் குறுக்காக இருக்கும்: காரை வாங்க வேண்டாம், உரிமத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பழைய உரிமம் இருப்பவருக்குப் பயிற்சி வகுப்புகள் கட்டாயமில்லை, ஆனாலும் வலதுபக்கம் ஓட்டப் பழகச் சில வகுப்புகள் போவது நல்லது. கையில் உரிமம் இருந்தால் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பகிர்வுக் கார்களை எடுக்கலாம். கட்டில் வாங்கிய நாளில் ஒரு வேன் எடுக்கலாம். கார் இல்லாத வாழ்க்கைக்குத்தான் உரிமம் அதிகம் தேவை என்று நான் சொன்னால் நண்பர்கள் கேலி செய்வார்கள். இருக்கட்டும்.

இப்போது உங்கள் அன்றாடத்தைப் பார்ப்போம். போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்கள் ரொம்ப நாளாக ஒரே பயணத்தைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள்: காலையில் ஆபீஸ், மாலையில் வீடு. உங்கள் கணவருடைய பயணம் அது, யூ6 அதைப் பார்த்துக்கொள்ளும். உங்களுடைய பயணம் வேறு மாதிரி இருக்கும். சின்னவனை கிண்டர்கார்ட்டனில் விட்டு, பெரியவளைப் பள்ளியில் விட்டு, வழியில் மருந்து வாங்கி, ஜெர்மன் வகுப்புக்குப் போய், திரும்பும்போது காய்கறி வாங்கி, பிறகு இரண்டு பிள்ளைகளையும் வெவ்வேறு நேரத்தில் கூட்டிவந்து... எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள். வீடு பார்க்கும்போது இந்தச் சங்கிலியை யாரும் அளப்பதில்லை.

பள்ளி பற்றிக் கவலை வேண்டாம். இங்கே தொடக்கப் பள்ளி உங்கள் முகவரியை வைத்தே ஒதுக்கப்படும், பெரும்பாலும் நடக்கும் தூரம். ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை வழி 2 கிலோமீட்டருக்கு மேல் போனால் மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் போக்குவரத்துச் செலவு அரசாங்கத்துடையது. கொஞ்ச நாளில் உங்கள் மகள் தோழிகளோடு தனியாகவே நடந்துபோவாள். முதல் வாரம் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும், பழகிவிடும். நான்காம் வகுப்பில் போலீஸ்காரர்களே வந்து சைக்கிள் ஓட்டத் தேர்வு வைப்பார்கள்.

கிண்டர்கார்ட்டன்தான் சிக்கல். இடம் கிடைப்பது கஷ்டம், கிடைக்கிற இடம் பக்கத்திலேயே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு நிறுத்தம் எதிர்த்திசையில் கிடைத்தால் உங்கள் காலை நேரம் முழுக்க மாறிவிடும். வீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானதும் முதல் வேலையாக அதற்குப் பதிவு செய்யச் சொல்லுங்கள், காரைப் பற்றி யோசிக்கும் நேரத்தை அதில் செலவிடுங்கள்.

ஸ்கூட்டி ஓட்டத் தெரியும் என்று ஏதோ குறை மாதிரி எழுதியிருந்தீர்கள். இங்கே அது பெரிய முதல். காந்திபுரத்தில் ஸ்கூட்டி ஓட்டியவருக்கு மியூனிக் சைக்கிள் பாதை ஒரு பொருட்டே இல்லை. கோவையில் ஸ்கூட்டி உங்களுக்குச் செய்த வேலையை இங்கே சைக்கிள் செய்யும். பின்னால் மாட்டும் பிள்ளைகள் டிரெய்லர் பழையதாகவே நல்ல நிலையில் கிடைக்கும். மழைக்கு மூடி உண்டு, உள்ளே சின்னவன் ஒரு பக்கம், தக்காளி ஒரு பக்கம். எட்டு வயது முடியாத பிள்ளைகள் நடைபாதையிலோ சாலையிலிருந்து பிரித்த சைக்கிள் பாதையிலோதான் ஓட்ட வேண்டும், முடிந்த பிறகு பத்து வயது வரை விரும்பினால் நடைபாதையில் ஓட்டலாம். உங்கள் மகளுக்கு இரண்டாவது விதி, சின்னவன் தனியாக ஓட்டத் தொடங்கும்போது அவனுக்கு முதல் விதி. வாரநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6 வரையும் சைக்கிளை யூ-பானில் ஏற்றக் கூடாது, மற்ற நேரத்தில் ஏற்றினாலும் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு. என் சைக்கிளுக்கு வருடக்கணக்காகச் சீட்டு வாங்கியிருக்கிறேன், அதுவும் ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரிதான்.

மளிகை எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் கேட்பீர்கள், ஏனென்றால் அன்றைக்குக் கடையே இருக்காது. பவேரியாவில் கடைகள் இரவு 8 மணிக்கு மூடிவிடும், ஞாயிறு முழு விடுமுறை. அதனால் சனிக்கிழமை எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். நம் அரிசி, பருப்பு, கறிவேப்பிலைக்கு மத்திய ரயில் நிலையத்தின் தெற்கே இருக்கும் தெருக்களுக்குப் போக வேண்டும். யூ6-இல் செண்ட்லிங்கர் டோரில் இறங்கினால் நடந்துவிடலாம். பத்து கிலோ பொன்னி மூட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு முறை போனேன், இடது கை விரல்கள் இரண்டு நாள் மடங்கவில்லை. அடுத்த வாரமே இழுத்துப்போகும் துணி வண்டி ஒன்று வாங்கினேன், பாட்டிமார் கையில் பார்த்திருப்பீர்களே, இரண்டு சக்கரம் வைத்த பை. அதை ஜெர்மன்காரர்கள் கிண்டலாக 'ஹாக்கன்போர்ஷே' என்பார்கள், குதிகால் போர்ஷே என்று அர்த்தம். என் போர்ஷேவுக்கு வயது பதினொன்று. அடியில் அரிசி, அதன்மேல் உளுந்து, மேலே கறிவேப்பிலை நசுங்காமல். நகரும் படிக்கட்டில் அதை முன்னால் வைக்காமல் பின்னால் வைத்துப் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு முறை கீழே உருண்ட பிறகு கற்றுக்கொண்டேன். குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், தண்ணீர் கிரேட் சுமக்கும் வேலை மிச்சம்.

செலவு. டாய்ச்லாண்ட்டிக்கெட் என்ற மாதச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-இல் 58 ஆனது, 2026 ஜனவரி முதல் 63. நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், யூ-பான், எஸ்-பான், வட்டார ரயில் எல்லாம் அதில் அடக்கம், ஐசிஇ போன்ற அதிவேக ரயில்கள் மட்டும் இல்லை. ஆறு வயதுக்குக் கீழ் சீட்டே வேண்டாம், எனவே சின்னவனுக்குச் செலவில்லை. உங்கள் கணவருடைய ஆபீஸ் சீட்டுத் தொகையில் கால் பங்காவது ஏற்றுக்கொண்டால் இன்னொரு 5 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே எச்.ஆரிடம் கேட்டிருக்க வேண்டியது, இப்போதாவது கேட்கச் சொல்லுங்கள்.

மாமியாருக்கும் அதே சீட்டு எடுக்கலாம். அது மாதாந்திரச் சந்தா, மகனுடைய வங்கிக் கணக்கிலிருந்தே கட்டலாம். மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால் அந்த மாதக் கடைசியோடு முடியும். பத்தாம் தேதியை மறந்தால் ஊருக்குப் போன பிறகும் ஒரு மாதம் 63 யூரோ போகும், நாட்காட்டியில் குறித்து வையுங்கள். சீட்டு அவர் பெயரில் இருக்கும், பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்திருக்க வேண்டும். இங்கே நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் கேட்காத மாதிரித்தான் இருக்கும். திடீரென்று சாதா உடுப்பில் ஒருவர் அட்டையை நீட்டிக் கேட்பார். சீட்டு இல்லையென்றால் 60 யூரோ.

மூட்டு வலிக்காரருக்கு ஃப்ரைமானும் முழுக்கச் சொர்க்கம் இல்லை. பேருந்துகள் நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழும், அம்மாக்கள் அதைப் பார்த்து ரசிப்பார்கள். ரயில் நிலையங்களில் லிஃப்ட் இருக்கும், ஆனால் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. என் மாமியார் வந்திருந்தபோது நாங்கள் வழக்கமாக ஏறும் நிலையத்தில் லிஃப்ட் மூன்று வாரம் பூட்டிக் கிடந்தது. 'மன்னிக்கவும்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது, தேதி கிடையாது. அவரை அடுத்த நிலையத்துக்குப் பேருந்தில் அழைத்துப்போய் அங்கே ஏற்றினேன். அவர் சொன்னது: "எங்க ஊர்ல லிஃப்டே இல்ல, அதனால ஏமாற்றமும் இல்ல." கிளம்புவதற்கு முன் எந்த லிஃப்ட் ஓடுகிறது என்று செயலியில் பார்த்துவிடுங்கள். பிள்ளை வண்டி தள்ளுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

நடுராத்திரி காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? அப்பா கேட்பது உண்மையில் இதைத்தான் என்று நினைக்கிறேன். உயிர் ஆபத்து என்றால் 112, ஆம்புலன்ஸ் வரும். அந்த அளவுக்கு இல்லை, ஆனால் டாக்டர் வேண்டும் என்றால் 116117. மற்றபடி டாக்ஸி. கூப்பிடும்போதே பிள்ளை இருக்கை வேண்டும் என்று சொல்ல வேண்டும், 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரை அது சட்டம். 14 ஆண்டில் இரவு டாக்ஸி எனக்கு நான்கு முறை தேவைப்பட்டது. அந்த நான்கு கட்டணமும் சேர்ந்து ஒரு செட் குளிர்கால டயர் விலைகூட வராது.

இனி, நான் விற்க வந்தவன் இல்லை என்பதற்காகக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

ரயில் நேரத்துக்கு வரும் என்று எண்ணி வராதீர்கள். ஜெர்மனி என்றால் கடிகாரம் என்ற பிம்பம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. 2024-இல் நாட்டின் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதிலும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணுவதில்லை. யூ-பான் பரவாயில்லை, எஸ்-பானில் நடுச் சுரங்கத்தில் ஒரு ரயில் நின்றால் எல்லாத் தடமும் நிற்கும். வார இறுதிகளில் தண்டவாள வேலை நடக்கும், அப்போது மாற்றுப் பேருந்து விடுவார்கள். அதற்கு 'எஸ்ஈவி' என்று பெயர், நீங்கள் கற்றுக்கொள்ளப்போகும் முதல் ஜெர்மன் சுருக்கெழுத்தாகக்கூட இருக்கலாம். ஒரு ஞாயிறு இரவு, மைனஸ் நான்கு டிகிரியில், அந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்று தெரியாமல் பத்துப் பேர் ரயில் நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அதில் நான் ஒருவன்தான் தொழிலே பேருந்தாக வைத்திருப்பவன், எனக்கும் தெரியவில்லை.

அப்புறம் கால்பந்து. யூ6-இல் ஃப்ரோட்மானிங் நிறுத்தம் பயர்ன் மியூனிக் விளையாடும் மைதானத்துக்கானது, 75,000 பேர் கொள்ளும் இடம். ஆட்டம் இருக்கும் மாலையில் நீங்கள் ஊருக்குள்ளிருந்து ஃப்ரைமான் திரும்பினால் சிவப்புச் சட்டைகளுக்கு நடுவே, பாட்டும் பீர் வாசனையுமாக, கூடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். உங்கள் கணவர் எதிர்த்திசையில் வருகிறவர், மாலை ஆறு மணிக்கு அவருக்குச் சிரமம் இல்லை. ஆட்டம் முடியும் நேரத்தில் மட்டும் கார்ஹிங்கிலிருந்து கிளம்ப வேண்டாம்.

நம் ஆட்களின் கூட்டங்களும் ஒரு சிக்கல். பொங்கல் விழாவுக்கு வாடகை குறைவான மண்டபம் எங்கே கிடைக்கும்? ஊருக்கு வெளியே, கடைசிப் பேருந்து எட்டரைக்குப் போய்விடும் இடத்தில். அப்போது யாருடைய காரிலாவதுதான் திரும்புவோம். கார் இல்லாமல் வாழ்கிறோம் என்று பெருமை பேசும் எங்களில் பாதிப் பேர் அடுத்தவர் காரில் பின் இருக்கையில் இருப்பவர்கள். அதற்குப் பதிலாக நான் முறுக்கு கொண்டுபோவேன், கணக்கு நேராகிவிடும் என்று நம்புகிறேன். ஹம் நகரில் இருக்கும் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போக வேண்டும் என்று மாமியார் ஆசைப்படலாம். டாய்ச்லாண்ட்டிக்கெட்டிலேயே போகலாம்தான், ஆனால் வட்டார ரயில்களில் மாறி மாறிப் போனால் ஒரு பகல் முழுக்கக் கரையும். முன்கூட்டியே ஐசிஇ சீட்டு எடுங்கள், 14 வயது வரை பிள்ளைகளுக்குப் பெற்றோரோடு கட்டணம் இல்லை, சீட்டு எடுக்கும்போது அவர்களையும் சேர்த்துக் குறிப்பிட்டால் போதும்.

மலை, ஏரி பார்க்கக் கார் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேகர்ன்ஸே ஏரி, கார்மிஷ், நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போகும் ஃப்யூஸன், எல்லாம் அதே 63 யூரோவுக்குள். எல்லை தாண்டி சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரையிலும் செல்லும். வெயில் அடிக்கும் ஞாயிறுகளில் மலையிலிருந்து திரும்பும் கார் வரிசை நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும். ரயிலிலும் நின்றுகொண்டே வர வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மரியாதை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அப்பா மனதில் அது இருக்கலாம். என் மேலதிகாரி மழைக்கால்சட்டை சொட்டச் சொட்ட சைக்கிளில் வந்து, கூட்ட அறை ரேடியேட்டரில் அதைக் காயப்போட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். யாரும் அவரை ஏழை என்று நினைத்ததில்லை.

எர்டிங் வீட்டை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. தோட்டம் பெரிய சுகம், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரியும். அந்த வீட்டை எடுப்பதாக இருந்தால் கார் வாங்கியே ஆக வேண்டும், அதுவும் ஒன்று போதாது. கணவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால், ஜெர்மன் தெரியாத, உரிமம் இல்லாத நீங்கள், இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் அந்தக் கிராமத்தில் மாலைவரை இருப்பீர்கள். என்னிடம் வரும் கடிதங்களில் மிகவும் வருத்தமானவை அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருபவைதான்.

முடிவு எடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். போக்குவரத்துச் செயலியில் இரண்டு முகவரிகளையும் போட்டு, செவ்வாய் காலை 7.40-க்கு ஒரு தேடல், ஞாயிறு இரவு 9-க்கு ஒரு தேடல். ஆபீஸுக்கு மட்டும் பார்க்காமல், குழந்தை டாக்டருக்கும் ஒரு முறை பாருங்கள். செவ்வாய்க் காலையில் எல்லா வீடும் நன்றாகத்தான் தெரியும். ஞாயிறு இரவில் அடுத்த பேருந்து மறுநாள் காலை 5.52 என்று வந்தால், அது கார் கேட்கும் வீடு. முடிந்தால் உங்கள் கணவர் ஒரு ஞாயிறு இரவு நேரிலேயே போய்ப் பார்க்கட்டும், இருட்டில் நடந்து, பிள்ளையைத் தூக்கியிருப்பதாக நினைத்துக்கொண்டு.

என்னைக் கேட்டால் ஃப்ரைமானை எடுத்து, ஒரு குளிர்காலம் முழுக்கக் கார் இல்லாமல் இருந்து பாருங்கள். மார்ச்சில் முடியவில்லை என்று தோன்றினால் அப்போது வாங்குங்கள், அதற்குள் உரிமமும் கையில் இருக்கும். அந்தச் சக ஊழியருக்குக் கார் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீடென்றால், ஊருக்குப் போகும்முன் சைக்கிள் டிரெய்லர் ஏதும் விற்கிறாரா என்று கேட்டுப் பார்க்கட்டும்.